சிறிய வீடியோ கேம்களுக்கு இசை செய்வது: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியாட்களும் சிறு குழுக்களும் செய்யும் வீடியோ கேம்களுக்கு இசையமைக்க ஆசைப்படும் நம்மூர் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கீபோர்ட் வகுப்புக்குப் போன பிள்ளைகள், கோயில் திருவிழாக்களில் வாசிப்பவர்கள், கணினி படித்துக்கொண்டே இரவில் பீட் செய்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டவற்றைத்தான் கீழே தொகுத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே இதைச் செய்யலாமா? கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகத் தேவையில்லையா?

தேவையில்லை. இசை கோப்பாகப் போகிறது, கேம் கோப்பாக வருகிறது. படம் வரைபவர் போலந்தில், நிரல் எழுதுபவர் பிரேசிலில், இசை செய்பவர் கொக்குவிலில் என்று ஒருவரையொருவர் நேரில் பாராமலே ஒரு கேமை முடிக்கலாம். மற்றது, “நம்முடைய இசை வெளியாட்களுக்குப் புரியுமா” என்ற பயம். டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’வைப் பாருங்கள். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடக்கும் சிறிய கேம் அது. தமிழ்த் திரையிசைப் பாணியில் அமைத்த பாட்டுகளோடு வந்தது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேமுக்கான விருது அதற்குக் கிடைத்தது. தமிழ் தெரியாதவர்களும் அதை விளையாடினார்கள்.

நான் இசை முறையாகப் படிக்கவில்லை அக்கா. பரவாயில்லையா?

பரவாயில்லை. காது வேண்டும், தொடங்கியதை முடிக்கும் பழக்கம் வேண்டும். முறையாகப் படித்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: மருதனார்மடத்து நுண்கலைப் பீடத்தில் இருந்து கற்ற தாளக் கணக்கு இந்த வேலையில் நேரடியாகப் பயன்படும். அதைக் கச்சேரி மேடைக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்காதீர்கள்.

என்ன மென்பொருள், என்ன கருவிகள் வேண்டும்?

இசை அமைக்க எல்எம்எம்எஸ், பதிவு செய்து வெட்ட ஒடாசிட்டி, இரண்டும் இலவசம். இரண்டையும் செய்யும் ரீப்பரை 60 நாள் பரிசோதனையாகப் பயன்படுத்தலாம். தனியாட்களுக்கான உரிமம் 60 டொலர். ஒன்றையும் நிறுவ முடியாத பழைய கணினி என்றால் பீப்பொக்ஸ் என்ற இணையக் கருவி பிரவுசரிலேயே ஓடும்.

முதல் வேலைக்கு எட்டு பிட் பாணியைத்தான் நான் சொல்வேன். பழைய நின்டெண்டோ ஃபேமிகொம் கருவியின் சிப்பில் இருந்தவை இரண்டு பல்ஸ் அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், பதிவு செய்த ஒலித்துணுக்கை வாசிக்கும் ஒரு சாம்பிள் தடம், அவ்வளவுதான். அந்த எல்லைக்குள் எழுதினால் மெட்டு பலவீனமாக இருப்பதை எதிரொலி சேர்க்கும் ரிவெர்பால் மூடி மறைக்க முடியாது. காசு செலவழிப்பதென்றால் முதலில் ஒரு நல்ல ஹெட்போனுக்குச் செலவழியுங்கள். கீபோர்ட் பிறகு வாங்கலாம்.

பாட்டுக்கு மெட்டுப் போடுவதற்கும் கேமுக்கு இசை செய்வதற்கும் என்ன வேறுபாடு?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி.

படத்தில் ஒரு காட்சி 40 விநாடி என்றால் யார் பார்த்தாலும் 40 விநாடிதான். கேமில் ஒருவர் பூட்டிய கதவுக்கு முன்னால் 20 விநாடி நிற்பார். இன்னொருவர் சாவி எங்கே என்று தெரியாமல் 20 நிமிடம் சுற்றுவார். இரண்டு பேருக்கும் அதே இசை பொருந்த வேண்டும். கேம் இசையின் நீளத்தை முடிவு செய்பவர் விளையாடுகிறவர்.

நாட்டுக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. வட்டக்களரியில் ஆட்டக்காரர் எவ்வளவு நேரம் ஆடுகிறாரோ அவ்வளவு நேரம் அண்ணாவியார் மத்தளத்தை விடமாட்டார். கண் ஆட்டக்காரரின் காலில் இருக்கும். ஆட்டம் முடியும் தறுவாயில் தீர்மானம் வைத்து அடுத்த தருவுக்கு, அதாவது அடுத்த கூத்துப் பாட்டுக்குப் போவார். கேமில் அண்ணாவியாருடைய அந்தக் கண்ணின் வேலையை நிரல் செய்கிறது. அது எடுத்தாளக்கூடிய துண்டுகளாக இசையைத் தருவது நம் பொறுப்பு.

அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அடுக்குகளாகச் செய்வது. கடல்நீரேரியில் இரவில் படகு ஓட்டும் கேம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் அடுக்கு நீண்ட ஆதார சுருதி. இரண்டாவது உடுக்கு. மூன்றாவது வேகமான தந்திக் கருவி. மூன்றும் ஒரே நீளம், ஒரே வேகம், ஒரே நொடியில் தொடங்கும். படகு தனியாகப் போகும்போது முதலாவது மட்டும் கேட்கும். தூரத்தில் வெளிச்சம் தெரிந்தால் உடுக்கு மெல்ல ஏறும். துரத்தல் தொடங்கினால் மூன்றாவதும் சேரும். அபாயம் தீர்ந்ததும் ஒவ்வொன்றாக இறங்கும். எதுவும் நின்று தொடங்குவதில்லை, ஒலியளவு மட்டும்தான் மாறுகிறது.

மற்ற வழி, துண்டுகளை மாற்றுவது. அமைதிக்கு ஒரு துண்டு, சண்டைக்கு ஒரு துண்டு, இரண்டுக்கும் இடையில் நாலு எண்ணிக்கையில் ஓர் இணைப்பு. மாற்றம் அடுத்த தாள வட்டத்தின் தொடக்கத்தில் நடக்கும்படி கேமை உருவாக்கி இயக்கும் மென்பொருளான கேம் எஞ்சினில் சொல்லிவைக்கலாம். கோடோ எஞ்சினில் 4.3 பதிப்பிலிருந்து இந்த இரண்டுக்கும் உள்ளேயே வசதி இருக்கிறது. பெரிய திட்டங்களில் எஃப்மொட், வைஸ் என்ற கருவிகளைப் பயன்படுத்துவார்கள்.

எழுத்தில் இதனால் வரும் மாற்றம் பெரிது. கேட்டவுடன் மனதில் ஒட்டும் பல்லவி சினிமாவில் வெற்றி. அதே பல்லவி 90 விநாடிக்கு ஒருமுறை திரும்பி வந்தால் அரை மணி நேரத்தில் விளையாடுபவர் ஒலியை அணைத்துவிடுவார். பலமான மெட்டைத் தலைப்புத் திரைக்கும் கடைசிக் கட்டத்துக்கும் வையுங்கள். நடந்து திரியும் இடங்களில் மெட்டை உடைத்து, இடைவெளி விட்டு, பாதி மட்டும் காட்டுங்கள். ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது கைவரும்.

என் லூப், அதாவது சுற்றிச் சுற்றி வரும் இசைத்துண்டு, திரும்பத் தொடங்கும் இடத்தில் ‘டிக்’ என்று சத்தம் வருகிறது, அல்லது சின்ன இடைவெளி விழுகிறது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, எம்பி3. அந்த வடிவத்தில் ஏற்றுமதி செய்யும்போது கோப்பின் முன்னும் பின்னும் கொஞ்சம் வெறுமை சேர்ந்துவிடும். பாட்டுக் கேட்க அது பிரச்சினையில்லை, லூப்புக்கு ஆகாது. ஓஜிஜி அல்லது வேவ் ஆகக் கொடுங்கள். 44,100 ஹேர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி வரும். ஓஜிஜி நல்ல தரத்திலேயே 1 எம்பி அளவில் அடங்கும். கைபேசி கேமுக்கு அதுதான் சரி.

இரண்டாவது, வெட்டு தாளத்தில் சரியாக விழாதது. கணக்குப் போட்டு வெட்டுங்கள். 120 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், நாலு எண்ணிக்கை இரண்டு விநாடி. விநாடிக்கு 44,100 அளவுப் புள்ளிகள் என்பதால் அது 88,200 சாம்பிள். 90 என்றால் 1,17,600. 126 என்றால் 84,000. 110 எடுத்தால் முழு எண் வராது. காதில் வித்தியாசம் தெரியாது என்றாலும், பல அடுக்குகளை ஒரே நீளத்தில் வெட்டும்போது முழு எண் தரும் வேகத்தைத் தேர்ந்தால் தலையிடி குறையும்.

மூன்றாவது, வால் அறுபடுவது. கடைசி ஸ்வரத்தின் ரிவெர்ப் முடிவதற்குள் கோப்பு முடிந்து, தொடக்கம் வறண்டு கேட்கிறது. இதற்கு எளிய வழி: அதே லூப்பை அடுத்தடுத்து இரண்டுமுறை வைத்து முழுவதையும் ஏற்றுமதி செய்யுங்கள். பிறகு இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் வால் இரண்டாவதன் தலையில் ஏற்கெனவே கலந்திருக்கும்.

முன்னுரை ஒருமுறை மட்டும் வந்து, பிறகு உள்ளே இருந்து சுற்ற வேண்டும் என்றால் ஆர்பிஜி மேக்கர் போன்ற கேம் செய்யும் கருவிகள் ஓஜிஜி கோப்பில் லூப்ஸ்டார்ட், லூப்லெங்த் என்ற இரண்டு குறிப்புகளை வாசிக்கும். அங்கேயும் சாம்பிள் எண்ணிக்கைதான் கேட்கும்.

ஏழு எண்ணிக்கை, ஐந்து எண்ணிக்கைத் தாளங்களை வைக்கலாமா? விளையாடுபவர் குழம்ப மாட்டாரா?

குழம்ப மாட்டார். கால் தட்டுவது மட்டும் கொஞ்சம் பிந்தும். ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபுவை மூன்றும் நாலுமாகப் பிரித்து, முதல் அடியைத் தெளிவாக வைத்தால் யாரும் பின்தொடர்வார்கள். புதிர் விடுவிக்கும் இடத்துக்கு எனக்கு ஏழு மிகவும் பிடிக்கும். வட்டம் முடிந்துவிட்டது என்ற உணர்வை அது லேசில் தராது, ஆகவே திரும்பத் திரும்பக் கேட்டாலும் அலுக்காது. ஆனால் குதித்து ஓடும் கேமில் பாத்திரத்தின் நடை இரண்டிரண்டாக இருக்கும். அங்கே எட்டு எண்ணிக்கை ஆதி தாளமே பொருத்தம்.

ராகத்தில் ஒன்று கவனியுங்கள். மோகனம் போன்ற ஐந்து ஸ்வர ராகங்கள் அடுக்கு முறைக்கு எளிது. எந்த அடுக்கு எதன் மேல் விழுந்தாலும் உறுத்தாது. கமகம் நிறைந்த ராகத்தைக் கீபோர்டில் தட்டையாக வாசித்து “கர்நாடக இசை” என்று கொடுக்காதீர்கள். ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டில் பொறுமையாக உட்காருங்கள், அல்லது பாடுபவர் ஒருவரை அழையுங்கள்.

நாதஸ்வரம், தவில் போட ஆசை. சாம்பிள் நூலகத்தில் நல்லது கிடைக்கவில்லை. நாமே பதிவு செய்யலாமா?

கட்டாயம் செய்யுங்கள். இணுவில், அளவெட்டி போன்ற ஊர்களில் பரம்பரையாக வாசிப்பவர்கள் இருக்கும்போது எங்கேயோ செய்த மங்கலான சாம்பிளை ஏன் தேட வேண்டும்? தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் மண் இது.

முதலில் சுருதி. வாசிப்பவரிடம் எத்தனை கட்டை என்று கேளுங்கள். ஒரு கட்டை சி, இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப். அதன்பிறகு உங்கள் இசையை அந்தச் சுருதிக்கு மாற்றுங்கள். நாதஸ்வரத்தை மென்பொருளில் இழுத்து மாற்றினால் அதன் உடல் போய்விடும். இரண்டாவது, தூரம். நாதஸ்வரம் திறந்த வெளிக்கான கருவி. மைக்கை அதன் அகன்ற முனையான அணைசுக்குப் பக்கத்தில் வைத்தால் உடைந்த ஒலிதான் வரும். ஓர் ஆள் உயரமளவு தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். தவிலுக்கு இரண்டு மைக் நல்லது. வலந்தலையில் விரல்களில் மாட்டிய கூடு தரும் கூர்மையும், மறுபக்கம் கழி தரும் அடியும் தனித்தனியாகக் கிடைத்தால் பிறகு சமன் செய்யலாம். மெட்ரோனோமை வாசிப்பவரின் காதில் கொடுங்கள். பிடிக்காவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம், அவர் வாசிப்பை வைத்து நீங்கள் தாளத்தை வரையுங்கள்.

நேரமும் இடமும் உங்களுக்கே தெரியும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அமைதியான பதிவை எதிர்பார்க்காதீர்கள். மழைக்கால இரவில் தவளை. அதிகாலையில் காகம். மத்தியானம் இரண்டு மணியளவில், தடித்த திரைச்சீலை போட்ட அறை எனக்குத் தோதாக இருக்கிறது.

வாசித்தவருக்குக் காசு கொடுங்கள், பெயர் போடுங்கள். பதிவை எதற்கெல்லாம் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். “கேமுக்கு, விளம்பரக் காணொளிக்கு, தனி இசைத் தொகுப்புக்கு” என்று மூன்றையும் குறிப்பிடுங்கள். சாம்பிள் நூலகமாக வெட்டி விற்கப் போகிறீர்கள் என்றால் அது வேறு விடயம், தனியாகக் கேட்க வேண்டும்.

மற்றது, பொருத்தம். மங்கல வாத்தியத்தை அரக்கன் வரும் காட்சிக்குப் போட்டால் தமிழ்க் காதுக்கு இடறும். பறையை எப்போதும் சாவின் அறிகுறியாகவே வைப்பது அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் அநியாயம். அதன் அடிவகைகளைக் கேளுங்கள், கொண்டாட்டமும் அதில் இருக்கிறது.

வேறு என்ன உள்ளூர் ஒலிகளைப் பயன்படுத்தலாம்?

தைப்பொங்கல் காலத்துப் பட்டங்களில் பூட்டும், காற்றில் ஒலி எழுப்பும் விண். வல்வெட்டித்துறையில் பட்டங்கள் ஏறும்போது, அல்லது எந்த ஊரிலும் பட்டத்தை இரவில் கட்டிவிட்டுப் போன பிறகு, அந்த இரைச்சல் காற்றோடு ஏறி இறங்கும். அப்படி ஓர் ஆதார சுருதியை எந்தச் சிந்தசைசரும் தராது. காற்று மைக்கில் நேராக அடிக்காதபடி மதிலுக்குப் பின்னால் நின்று பதிவு செய்யுங்கள். பதிவைச் சுருதி பார்த்து ஒரு ஸ்தாயி இறக்கினால் கடலடிக் காட்சிக்கு அற்புதமாக இருக்கும். பனையோலை உரசல், கிணற்று வாளிக் கயிறு, ஒடியல் இடிக்கும் உலக்கை எல்லாம் தாளத்துக்கு உதவும்.

கைபேசியில் கேட்டால் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியே காணாமல் போகிறது.

கைபேசி ஸ்பீக்கரில் ஏறத்தாழ 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது. தொப்பியின் அடிநாதம் அங்கேதான் இருக்கிறது. ஒலியைக் கூட்டிப் பயனில்லை. ஒலியைச் சற்றே சிதைக்கும் சாச்சுரேஷனை லேசாகப் போட்டு மேல் ஹார்மோனிக்குகளைக் கிளப்புங்கள். மிக்ஸை ஒருமுறை மலிவான கைபேசியில் கேட்காமல் அனுப்பாதீர்கள். மொத்த ஒலியளவையும் பாட்டைப்போல உச்சத்துக்கு இறுக்க வேண்டாம், வசனத்துக்கும் சத்தங்களுக்கும் இடம் வேண்டும்.

கேம் செய்பவர்களை எங்கே பிடிப்பது?

ஜாம்களில். குறுகிய நேரத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்வுகள் இவை. லுடும் டேர் 2002இலிருந்து நடக்கிறது. அதில் தனியாள் போட்டிக்கு 48 மணி நேரம், குழுக்களுக்கு 72 மணி நேரம். இசை மட்டும் செய்பவர் குழுப் பிரிவில் சேர வேண்டும், தனியாள் போட்டியில் எல்லாவற்றையும் ஒருவரே செய்ய வேண்டும். குளோபல் கேம் ஜாம் 2009இல் தொடங்கியது, ஜனவரி மாதக் கடைசியில் வரும். சிறு கேம்களைப் பகிரும் இட்ச் ஐஓ தளத்தில் வருடம் முழுக்கச் சிறு ஜாம்கள் இருக்கின்றன.

ஜாமில் முதல் இரவிலேயே ஒரு கரடுமுரடான லூப்பைக் கொடுத்துவிடுங்கள். குழு அதைக் கேட்டுக்கொண்டே கேமைச் செய்யும், கேமின் வேகமே உங்கள் இசைக்கு ஏற்ப அமையும். கடைசி மணித்தியாலத்தில் வரும் அருமையான இசை பெரும்பாலும் உள்ளே போவதே இல்லை.

இலவசமாகப் பகிரலாமா? யாராவது எடுத்து விற்றுவிட்டால்?

பகிரலாம். நான் அதை ஊக்குவிக்கிறேன். ஆனால் “இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் எழுதினால் பொறுப்பான கேம்காரர் யாரும் தொடமாட்டார். எந்த நிபந்தனை என்று தெரியாமல் அவர் தன் கேமைப் பணயம் வைக்கமாட்டார். ஆகவே ஒரு கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தைத் தெரிவுசெய்து பெயர் சொல்லி எழுதுங்கள்.

சிசி ஸீரோ என்றால் யாரும் எதற்கும் எடுக்கலாம், பெயர்கூடப் போடத் தேவையில்லை. சிசி பிஒய் என்றால் உங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், பெயர் ஊர் ஊராகப் போகும். என்சி சேர்த்தால் வணிகப் பயன்பாடு இல்லை. 2 டொலருக்கு விற்கும் சிறு கேம்காரரும் உங்களை விட்டுப் போய்விடுவார். மாற்றியமைக்கக் கூடாது என்று சொல்லும் என்டி சேர்த்தால் கேமுக்கே பயன்படாமல் போகலாம், ஏனென்றால் அசையும் படத்தோடு நேரம் பொருத்தி இசையைச் சேர்ப்பதை அந்த உரிமங்கள் மாற்றியமைத்தலாகவே கொள்கின்றன. மாற்றியமைத்ததை அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்று சொல்வது எஸ்ஏ, அதே காரணத்தால் அது சேர்ந்த உரிமத்தைக் கண்டும் பலர் தயங்குவார்கள். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது, ஆகவே மிகவும் பிடித்ததை உடனே வெளியே விடாதீர்கள். ஓப்பன்கேம்ஆர்ட், இட்ச் ஐஓ இரண்டும் பகிர நல்ல இடங்கள்.

“எல்லா உரிமையும் எங்களுக்கே” என்று கேம்காரர் கேட்கிறார். கொடுக்கலாமா?

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாமலே உங்கள் இசை உங்களுடையது. வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. அதைச் சும்மா தாரைவார்க்க வேண்டாம். அந்தக் கேமிலும் அதன் விளம்பரங்களிலும் எக்காலமும் பயன்படுத்த அனுமதி கொடுங்கள். தனி இசைத் தொகுப்பாக வெளியிடும் உரிமையை உங்களிடம் வையுங்கள். சிறு கேம்காரர்களில் பலருக்கு உண்மையில் அவ்வளவுதான் தேவை, “எல்லா உரிமையும்” என்பது எங்கோ இருந்து எடுத்த படிவத்தில் இருந்த வரி. முழுதாக வேண்டும் என்று நின்றால் விலையைப் பல மடங்கு கூட்டுங்கள். எது ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும்.

எவ்வளவு கேட்பது? காசு எப்படி வந்து சேரும்?

முடிந்த இசையின் நிமிடக் கணக்கில் கேட்பதே வழக்கம். 90 விநாடி லூப் நாலு என்றால் ஆறு நிமிடம். பாதி முன்பணம். திருத்தம் இரண்டு முறை, அதற்கு மேல் தனி விலை. அடுக்குகளாகக் கேட்டால் கூடுதல்.

வந்து சேர்வதுதான் நம் நாட்டுத் தலையிடி. இலங்கையில் திறந்த பேபால் கணக்கால் வாங்கலாம், ஆனால் வெளிநாட்டுப் பணத்தை அதில் பெற முடியாத நிலை பல ஆண்டுகளாக நீடித்தது. இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளம் பேபால் வழியாகவே கொடுத்ததால் அங்கே விற்பதற்கு நம்மவர்கள் திணறினார்கள். பயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாக உள்ளூர் வங்கிக்கு எடுக்கலாம். நேரடி வேலைக்கு வங்கிப் பரிமாற்றமும் சரி. கழிவையும் பாருங்கள்: பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 வீதம் எடுக்கும், இட்ச் ஐஓவில் வழக்கம் 10 வீதம், அதை நீங்களே மாற்றலாம்.

கனடாவில், லண்டனில் இருக்கும் மாமாவின் கணக்கில் வாங்குவது நம்மிடையே சாதாரணம். செய்யுங்கள், ஆனால் அந்தப் பணம் அவருடைய வருமானமாகக் கணக்கில் ஏறலாம் என்பதை முதலிலேயே கதைத்துக்கொள்ளுங்கள். சொந்தத்துக்குள் பிறகு மனக்கசப்பு வரக்கூடாது.

என் இசையைப் போட்ட கேமை யூடியூபில் விளையாடிக் காட்டியவருக்கு உரிமைக் கோரிக்கை வந்துவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லையே!

இசைத் தொகுப்பை வெளியிட்டபோது விநியோக நிறுவனத்தின் படிவத்தில் கொன்டென்ட் ஐடி பெட்டியைத் தெரிவுசெய்திருப்பீர்கள். அது உங்கள் இசை எங்கே கேட்டாலும் தானாகவே கோரிக்கை போடும். சிறு கேம்கள் பரவுவதே விளையாடிக் காட்டுபவர்களால்தான். அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள், போட்டிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். மற்றவர்களும் பயன்படுத்தும் லூப் நூலகத்திலிருந்து துண்டுகள் எடுத்திருந்தால், அதை அங்கே பதிவதற்கே உங்களுக்கு உரிமை இல்லை.

சினிமாப் பாட்டின் மெட்டை எட்டு பிட்டாக மாற்றிப் போட்டால்?

மெட்டு வேறொருவருடையது. அனுமதி இல்லாமல் முடியாது.

செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய இசை?

கேம் விற்கும் ஸ்டீம் தளமும் இட்ச் ஐஓவும் அப்படிப் பயன்படுத்தினால் வெளிப்படுத்தச் சொல்கின்றன, ஆகவே கேம்காரரிடம் மறைக்காதீர்கள். நான் பயன்படுத்துவதில்லை. பட்டத்து விண்ணையும் பக்கத்து ஊர்த் தவிலையும் கேட்டு எழுதும் இசைக்காகத்தான் நம்மைத் தேடி வருவார்கள் என்று நம்புகிறேன்.

கோப்புகளை எப்படி ஒப்படைப்பது?

ஒரு ஸிப். உள்ளே லூப்புகள் ஓஜிஜியிலும் வேவிலும், அடுக்குகள் தனிக் கோப்புறையில். பெயரில் இடம், அடுக்கு எண், வேகம் மூன்றும் இருக்கட்டும், உதாரணமாக “நீரேரி இரவு, அடுக்கு 2, 90”. கேம் எஞ்சினுக்காகக் கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். கூடவே ஓர் எழுத்துக் கோப்பு: உரிமம் எது, பெயர் எப்படிப் போட வேண்டும், வாசித்தவர்கள் யார், லூப் எங்கே தொடங்குகிறது. ‘கடைசி’, ‘கடைசிக் கடைசி’ என்று பெயர் வைக்காமல் திகதி போடுங்கள். ஸிப்பின் ஒரு பிரதி உங்கள் கணினிக்கு வெளியேயும் இருக்கட்டும்.